எவ்வளவு குடுக்குதுங்க?

போன வாரம் ஒட்டன்சத்திரத்தில் ஓர் எழவு. தூரத்துச் சொந்தம்தான், ஆனாலும் போகாமல் இருக்க முடியாத தூரம். செருப்பைப் பந்தலுக்கு வெளியே விட்டு, முகத்தை அதற்குத் தக்கபடி வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூத்த மகனிடம் போய்க் கையை நீட்டினேன். தொட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தொட்ட கையை விடாமல் என்னைக் கீழே இழுத்தார். அப்பாவின் கடைசி நேரத்தைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று காதைக் கொடுத்தேன்.

"அண்ணா, வாசல்ல நிக்கிறது உங்க வண்டிங்களா? எவ்வளவு குடுக்குதுங்க?"

உள்ளே ஒப்பாரி உச்சத்தில் இருந்தது. "இப்ப அதெல்லாம் எதுக்குங்க, விடுங்க" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் ஆறுதல் சொல்வதாக நினைத்துத் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேப்பரும் பேனாவும் எடுத்துவிட்டேன். பாலசமுத்திரத்தில் குடியிருக்கும் ஒரு மனிதன் எதற்காக இரண்டு கதவு, எட்டு சிலிண்டர் உள்ள ஒரு பழைய ஜெர்மன் காரை வாங்கினான் என்பதை ஒரேயடியாக எழுதி முடித்துவிடுவது என் நோக்கம். காரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அது என்ன தருமென்று போனில் தேடிப் பார்ப்பீர்கள். காரணம் மிகவும் எளிமையானது, ஒரு பத்தியில் அடங்கும். அதற்கு முன்னால் இந்த மைலேஜ் சங்கதியை முடித்துக்கொள்கிறேன்.

யார் கேட்கவில்லை என்று யோசிப்பதுதான் சுலபம். பெட்ரோல் பங்க் பையன், குழாயைச் சொருகிவிட்டு, மீட்டர் ஓடும்போதே கேட்கிறான். ஓடுகிற மீட்டரைப் பார்த்தாலே பதில் தெரிகிறதே தம்பி! வண்டியை ஓரங்கட்டச் சொன்ன போலீஸ்காரர் ஆர்.சி. பார்த்தார், இன்ஷூரன்ஸ் பார்த்தார், புகைச் சான்று பார்த்தார், எல்லாம் சரியாக இருந்ததில் கொஞ்சம் ஏமாற்றமடைந்து, "கெளம்புங்க சார்" என்றார். நான் கண்ணாடியை ஏற்றும்போது அவர் முகம் உள்ளே வந்தது. "ஆமா, என்ன சார் தருது?" கண் ஆஸ்பத்திரியில், "மேல பாருங்க, கீழ பாருங்க, இந்தப் பக்கம் பாருங்க" என்று விளக்கை அடித்துக்கொண்டிருந்த டாக்டர் அதே மூச்சில் கேட்டார். பழநி அடிவாரத்தில் பூஜை போட்டபோது நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, திருநீறு கொடுத்த கையோடு பூசாரியும் கேட்டார். முருகனுக்கு முன்னால் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

தைப்பூசத்தில் நடந்ததுதான் உச்சம். பச்சை வேட்டி கட்டி, எங்கிருந்தோ நாள்கணக்காக நடந்து வந்த பாதயாத்திரைக்காரர்கள் புளியமரத்தடியில் காலை நீட்டிக் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு வழிவிட்டு வண்டியை நிறுத்தினேன். ஒருவர் எழுந்து நொண்டிக்கொண்டே வந்தார். தண்ணீர் கேட்பார் என்று பாட்டிலை எடுத்தேன். அவர் பாட்டிலை வாங்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் நடக்கிறவருக்கு என் கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் போனால் என்ன?

பதில் சொல்வதில் மூன்று வழி உண்டு, மூன்றும் முட்டுச்சந்து. உண்மையைச் சொன்னால் பரிதாபப்படுகிறார்கள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொன்ன மாதிரி "ச்சு" கொட்டுகிறார்கள். கூட்டி, "பன்னெண்டு" என்றால் கோபப்படுகிறார்கள். "எங்க மச்சானோட வேகன்ஆர் பதினெட்டுக் குடுக்குதுங்களே, இவ்வளவு பெரிய வண்டி பன்னெண்டுதானா?" பெரிய வண்டி அதிகம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. பெரிய மாடு அதிகம் கறக்கிறதல்லவா. "பார்த்ததில்லீங்க" என்று நழுவினால் வேறு வினை: காரை விட்டுவிட்டு என்னையே ஏற இறங்கப் பார்க்கிறார்கள். கணக்குப் பார்க்காதவன், சொத்தை அழிக்கப் பிறந்தவன், இவன் அப்பன் அப்படியில்லையே என்பதெல்லாம் அந்தப் பார்வையில் இருக்கும்.

அப்பன் அப்படியில்லைதான். 1980இல் வந்த டிவிஎஸ் 50தான் இந்தியாவில் இரண்டு பேர் உட்காரும்படி வந்த முதல் மொபெட். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அதற்கு எண்ணெய் கலந்து பெட்ரோல் போட்ட தேதி, அளவு, மீட்டர் எல்லாவற்றையும் அப்பா எல்.ஐ.சி. டைரியில் எழுதி வைப்பார். எங்கள் பிறந்த நாள் அந்த டைரியில் கிடையாது. அந்த ரத்தம்தான் எனக்கும். அடிவாரத்தில் குதிரை வண்டிக்காரரிடம் "ஒரு நாளைக்கு எவ்வளவு கொள்ளு ஆகுங்க?" என்று விசாரித்தவன் நான். மலைக்கு இழுத்துப் போகும் விஞ்சில் ஏறினால் படிக்கட்டுப் பக்கம் பார்க்காமல், ஒரு தடவை மேலே இழுக்க எத்தனை யூனிட் ஓடும் என்று மனத்துக்குள் போட்டுப் பார்ப்பேன். ஆம்புலன்ஸில் மாமனாரோடு மதுரை போனபோதுகூட டிரைவரிடம் கேட்கத்தான் வாய் வந்தது. பக்கத்தில் மாமியார் இருந்ததால் கேட்கவில்லை. இறங்கும்போது கேட்டுவிட்டேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். இல்லையென்று சொல்லாதீர்கள், வருமானத்தைக் குறைத்தும் மைலேஜைக் கூட்டியும் சொல்லி வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்.

இசையமைப்பாளர் ஹாரிஸ் ஜெயராஜ் 2010இல் மஸராட்டி கிரான் டூரிஸ்மோ என்ற கூபே காரை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தார். அதற்கான நுழைவு வரி விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பேப்பரில் வந்தது. எங்கள் டீக்கடையில் அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்தார்கள். வரி நியாயமா, அபராதம் நியாயமா, இத்தாலிக்காரன் ஒரு காரை எப்படி இவ்வளவு அழகாகச் செய்கிறான் என்று எதுவும் பேசவில்லை. "அத்தன லட்சம் வரியே கட்டணும்னா, வண்டி நல்லாத்தான் குடுக்கும்போல" என்று முடித்துவிட்டு டீயை ஆற்றினார்கள்.

கார் ரசிகர்கள் அந்த மஸராட்டி, என் கார் மாதிரி வண்டிகளின் மூதாதையாகச் சொல்வது 1951இல் வந்த லான்சியா அவுரேலியா பி20 காரை. இரண்டு லிட்டர்கூட இல்லாத என்ஜினை வைத்துக்கொண்டு அந்த வருடமே இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. முதலில் வந்த ஃபெராரியின் என்ஜின் அதைப்போல இரண்டு மடங்கு பெரியது. இரண்டு பேர், இரண்டு பெட்டி, காலையில் மிலானில் புறப்பட்டால் கோட்டு கசங்காமல் இரவுச் சாப்பாட்டுக்கு இன்னொரு நாடு. இதற்காகச் செய்த ஜாதி இது. நான் அதை பாலசமுத்திரத்திலிருந்து பழநிக்குக் கறிவேப்பிலை வாங்க ஓட்டுகிறேன். என்ஜின் ஆயில் சூடேறுவதற்குள் உழவர் சந்தை வந்துவிடுகிறது.

நம் ஊருக்கு இரண்டு கதவு சரிப்படாது என்பது முன்பே தெரிந்த விஷயம். சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961இல் ஹெரால்டு காரைச் செய்யத் தொடங்கியபோது அதற்கும் இரண்டு கதவுதான், இங்கிலாந்தில் இருந்த மாதிரியே. பிறகு நம் ஊரில் மட்டும் அதற்கு நாலு கதவு வைத்தார்கள். உலகத்தில் வேறெங்கும் நாலு கதவு ஹெரால்டு கிடையாது. ஏன் வைத்தார்கள் என்று என் அம்மாவைக் கேட்டால் சொல்லுவார்.

அம்மாவை முதன்முதலில் பின் சீட்டில் ஏற்றியது ஒரு திருவிழா. முன் சீட்டை மடக்கி, முன்னால் தள்ளி, தலையைக் குனியவைத்து, இடது காலை உள்ளே விட்டு, பிறகு வலது காலை... "ஏண்டா, இத்தன ரூபா வாங்கினவன் பின்னாடி கதவு வெக்க மறந்துட்டானா?" என்றார் உள்ளேயிருந்து. பழநி போய்ச் சேர்ந்ததும் இறங்க மறுத்துவிட்டார். பக்தி குறைந்ததால் அல்ல, மறுபடி ஏற வேண்டுமே என்று. அபிஷேகப் பஞ்சாமிர்தத்தை நாங்கள்தான் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தோம். பின் ஜன்னல் இறங்காது. முன் ஜன்னல் வழியாக.

விலையைக் கேட்டால் நீங்களும் வாங்கப் பார்ப்பீர்கள். புதிதில் ஒரு கோடிக்கு மேல் போனது, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு புது நடுத்தரக் காரின் விலைக்கு வந்து நின்றிருந்தது. கோயம்புத்தூரில் விற்றவர், "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டுன வண்டி" என்றார். தமிழ்நாட்டில் விலைக்கு வருகிற பழைய கார்களையெல்லாம் டாக்டர்களே ஓட்டியிருக்கிறார்கள். அவர்கள் எந்த நேரத்தில் வைத்தியம் பார்த்தார்களோ? அவர் சொல்லாமல் விட்டது ஒன்று: காரின் விலைதான் வருடா வருடம் இறங்கும், அதன் ஸ்பேர் விலை இறங்காது. முன் விளக்கு ஒன்று உடைந்தால் ஒரு கோடிக் காரின் முன் விளக்குக்குத்தான் பணம் கட்ட வேண்டும், நீங்கள் எத்தனைக்கு வாங்கியிருந்தாலும். பஞ்சரானாலும் ஓடுகிற டயர் என்பதால் ஸ்டெப்னியும் கிடையாது. ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு குடுக்குதுங்க என்றார்.

அரசாங்கமும் தன் பங்குக்குக் காத்திருக்கிறது. 15 வருடம் முடிந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். கப்பலில் முழுசாக வந்து இறங்கிய காராக இருந்தால் 40,000. இதற்கு நடுவில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்தாயிற்று. கரும்பிலிருந்து வருகிறது, விவசாயிக்கு நல்லது என்கிறார்கள். விவசாயியாக எனக்குச் சந்தோஷம். கார்க்காரனாக, லிட்டருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சமும் குறைந்துபோனது.

அந்த வண்டிக்குத் தகுந்த ரோடே எங்கள் பக்கம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பழநியிலிருந்து கொடைக்கானலுக்கு 64 கிலோமீட்டர் மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. விடியற்காலையில் கிளம்பினேன். கண்ணாடியை இறக்கினால் ஈரக் காற்று, கீழே வெளிச்சம் வராத சமவெளி, எட்டு சிலிண்டரும் ஒரே குரலில். ஒருவழியாக இந்தக் காரை ஏன் வாங்கினேன் என்று என் மனைவிக்கு விளக்கத் தொடங்கினேன். அடுத்த வளைவில் முன்னால் ஒரு பஸ். மலை முடிகிற மட்டும் அந்த பஸ்தான். இடையில் ஓரிடத்தில் அகலமான வளைவில் டிரைவர் ஒதுங்கிக் கையைக் காட்டினார். நல்ல மனுஷர், வழி விடுகிறார் என்று பக்கத்தில் போனேன். கண்ணாடியை இறக்கச் சொல்லிச் சைகை செய்தார். இறக்கினேன். எதற்கு இறக்கச் சொன்னார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பதிலுக்காக ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். என் மனைவி முந்திக்கொண்டு உண்மையைக் கத்திச் சொன்னார். ஒரு பஸ்ஸே "ச்சு" கொட்டியதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

சரி, உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் நாலரை. ரோட்டில் எட்டு. இப்போது பெட்ரோல் விலையை நாலரையால் வகுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வகுத்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

மைலேஜைவிட என்னை வாட்டுவது ஒன்று உண்டு, அதை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்கு அளவு வகுத்து வைத்திருக்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், ஏறுவதும் இறங்குவதும் தெரியாத சரிவு. என் காருக்கும் தரைக்கும் இடைவெளி பன்னிரண்டு சென்டிமீட்டர் சொச்சம். ஆக, சட்டப்படி நான் எல்லா வேகத்தடையையும் தாண்டலாம். ஆனால் அணைக்குப் போகிற ரோட்டிலும் சரி, எங்கள் தெருவிலும் சரி, வேகத்தடை போடுவது பக்கத்து வீட்டுக்காரர். வீடு கட்டி முடித்து மிஞ்சிய கான்கிரீட்டைக் குழந்தைகள் பாதுகாப்புக்கென்று ரோட்டின் குறுக்கே கொட்டி, கரணையால் ஒரு தடவு தடவி, மேலே ரெண்டு வேப்பங்கொப்பைப் போட்டுவிட்டால் முடிந்தது. வெள்ளைக் கோடும் கிடையாது. டிராக்டர் ஏறும். டவுன் பஸ் ஏறும். எட்டு சிலிண்டர் வைத்திருக்கிறவன் மட்டும் அம்மாவை இறக்கி, மனைவியை இறக்கி, பஞ்சாமிர்த டப்பாவையும் இறக்கிவிட்டு, குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. அடியில் உரசுகிற சத்தம் கேட்டுத் திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்க்கிறார்கள். என்ன கேட்பார்கள் என்று தெரிந்ததால் நான் கண்ணாடியை இறக்குவதில்லை.

வீட்டு வேலை முடித்து கான்கிரீட் மிஞ்சினால் மாட்டுக் கொட்டகைக்குத் தளம் போடுங்கள். கோழிக்கூண்டுக்குப் போடுங்கள். மாடும் கோழியும் வேண்டாமென்றால் எனக்குச் சொல்லியனுப்புங்கள், நானே சட்டியில் அள்ளிப் போகிறேன். ரோட்டில் மட்டும் கொட்டாதீர்கள்.