பஞ்சாரம் தூக்கும் நேரம்

விடிந்ததும் எங்கள் அப்பத்தாவுக்கு முதல் வேலை பஞ்சாரத்தைத் தூக்குவது. மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டு கோழிகளும் முட்டிமோதி வெளியே ஓடும். ஓடாமல் நிற்பதைத்தான் அவள் பார்ப்பாள். "இது சரியில்லடா" என்பாள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். சாயங்காலம் அடைக்கும்போது ஒவ்வொன்றின் இரைப்பையையும் விரலால் தடவுவாள். காலியாக இருந்தால் அதற்குத் தனிக்கூடை.

1983 சித்திரையில் செவலைக் கோழி ஒன்று இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி விழுந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள் அரைத்து உருட்டி ஊட்டினாள். மறுநாள் கழுத்து திருகிக்கொண்டது. வீணாகப் போகவேண்டாம் என்று வீட்டில் அறுத்துக் குழம்பு வைத்தார்கள். இறகையும் குடலையும் குப்பைக்குழியில் கொட்டினேன். குழியைக் கிளறிய மற்றக் கோழிகளும் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, பத்தே நாளில் ஒன்று மட்டும் மிஞ்சியது. முதல் நாளே கண்டுபிடித்தவள் அப்பத்தா. அதற்குமேல் செய்ய அவள் கையில் ஒன்றுமில்லை.

அந்த வெள்ளைக்கழிச்சலுக்கு ராணிக்கெட் நோய் என்றும் பெயர். வைரஸால் வருவது. வந்தபின் அதைத் தீர்க்க மருந்து கிடையாது. வருமுன் காக்கத் தடுப்பு மருந்து உண்டு. இன்று மதுரைக்கு வெளியே நான் வளர்க்கும் எட்டுக் கோழிகளுக்கும் குஞ்சில் ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. ஒன்றுகூடக் கழிச்சலில் சாகவில்லை. அப்பத்தா இதைப் பார்க்காமல் போய்விட்டாளே என்று சித்திரைதோறும் நினைத்துக்கொள்வேன்.

போன தையில் கறுப்பி முட்டைப் பெட்டியை விட்டு நகரவில்லை. தீனிக்கும் வரவில்லை. அடைக்குப் படுத்திருக்கிறது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் தூக்கினால், கையில் துணிமூட்டைபோல் கிடந்தது. வால் தாழ்ந்திருந்தது. வயிற்றின் பின்புறம் தடவியதும் கெட்டியாகத் தட்டுப்பட்டது, வெளிவராமல் சிக்கிய முட்டை. கால்நடை மருந்தகத்துக்குப் போகும் வழியிலேயே செத்துப்போனது.

"அடைக்கோழிக்குக் கோவம் இருக்கும்டா" என்று அப்பத்தா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடைக்கோழியிடம் கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். நாளுக்கு ஒருதரமாவது எழுந்துபோய்த் தின்று, பெரிதாக எச்சமிட்டுவிட்டு ஓடிவந்து உட்காரும். கறுப்பியிடம் இந்த இரண்டுமே இல்லை. முதல் நாளே கையை நீட்டியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். சோர்ந்த கோழியை மற்றவை கொத்தும். அதனால் கோழி தன் நோவை முடிந்தமட்டும் மறைத்துக்கொள்ளும். நம் கண்ணுக்கே தெரிகிறது என்றால் நோய் பாதி முற்றிவிட்டது என்று அர்த்தம். ஊசி போட்ட தேதியெல்லாம் நோட்டில் இருக்கிற தைரியத்தில் நான் கோழிகளைப் பார்ப்பதையே விட்டிருந்தேன்.

இப்போது கூண்டை அடைக்குமுன் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தடவுகிறேன். நிறைந்த இரைப்பையில் கம்பும் குருணையும் விரலுக்கு நெருநெருவென்று தட்டுப்படுகின்றன. நேற்று ஒன்றுக்குக் காலியாக இருந்தது. தனிக்கூடையில் போட்டுத் தண்ணீர் வைத்திருக்கிறேன். விடிந்ததும் மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.