அடுத்த புயலுக்கு ஒரு மனு

பெறுநர்: உயர்திரு புயல் அவர்கள், வங்காள விரிகுடா.
பொருள்: ஓட்டுவீட்டுக் கூரையை விதிப்படி பிய்த்தெறியக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

நான் பட்டுக்கோட்டைப் பக்கம் ஓட்டு வீட்டில் குடியிருப்பவன். தங்கள் முன்னவர் கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, எங்கள் தென்னந்தோப்புகளை மிதித்துக்கொண்டே மேற்கே போனார். இலங்கை வைத்த பெயர். யானை என்று பொருள். பெயருக்கேற்ற வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அலுவல் நடைமுறை தெரியாதவர். சீமை ஓட்டைப் பறக்கவிட்டார், கைமரத்தை முறித்தார், ஒரு ரசீதுகூடத் தராமல் போய்விட்டார். அந்த ரசீது இல்லாமல் நான் பட்ட பாட்டைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

தாங்கள் வரும்போது முதல் நாளே ஆள் அனுப்பி என் கூரையைப் படம் எடுத்துவிடவும். "சேதத்துக்கு முந்தின போட்டோ இருக்கா சார்?" என்றுதான் காப்பீட்டுக் கம்பெனி சர்வேயர் ஆரம்பித்தார். கல்யாண ஆல்பத்தைக் காட்டினேன். அதில் கூரைக்குக் கீழே நிற்கும் நாங்கள் எல்லோரும் விழுந்திருக்கிறோம், கூரை விழவில்லை. போட்டோவில் விழாத கூரை புயலில் விழுந்தது என்றால் கம்பெனி எப்படி நம்பும்?

சர்வேயர் வந்தது பத்தொன்பதாம் நாள். தகவல் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-லேயே விதி போட்டிருக்கிறதே என்றேன். நியமித்துவிட்டார்களாம். நியமனம் வேறு, வருகை வேறு. "நீங்கதான் சார் லேட்டா சொல்லியிருக்கீங்க" என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஊரில் மின்கம்பம் ஒன்றும் நிற்கவில்லை, கைப்பேசிக் கோபுரம் செத்துக் கிடக்கிறது. ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் காசு கொடுத்து போனுக்கு உயிர் ஏற்றி ஆறாம் நாள் கூப்பிட்டால், என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியமானது என்று ஒரு பெண் குரல் பேட்டரி தீரும்வரை சொல்லிக்கொண்டிருந்தது.

இடையில் மழை. தார்ப்பாய் போட்டால் சேதத்தின் தடயத்தைக் கலைத்த குற்றம். போடாமல் விட்டால் நட்டத்தைக் குறைக்க முயலாத குற்றம். ஆகவே பாதிக் கூரைக்குப் போட்டேன். இரண்டு குற்றத்துக்கும் ஆளானேன். இனி தாங்கள் வந்துபோனால், சர்வேயர் வரும்வரை மேகங்களைக் கொஞ்சம் பிடித்து வைக்கவும்.

அடுத்தது முக்கியம். காற்று மட்டும் அடிக்கவும். ஓட்டின் வயதில் தலையிட வேண்டாம். சர்வேயர் ஒரு ரீப்பரைத் தட்டிப் பார்த்து, "செல்லரிச்சிருக்கே, இது தேய்மானம்" என்றார். அப்படியானால் ஒரே இராத்திரியில் இந்த வட்டாரத்தில் சாய்ந்த இலட்சக்கணக்கான தென்னையும் தேய்ந்துதான் விழுந்தனவா? வருஷா வருஷம் பிரீமியம் பிடித்தபோது என் ஓட்டின் வயதை எவனாவது கேட்டானா?

நம்மூர் மட்டும்தான் இப்படி என்று தாங்கள் நினைத்துவிட வேண்டாம். தங்கள் ஒன்றுவிட்ட அக்காள் கத்ரீனா 2005-இல் அமெரிக்காவின் மிசிசிப்பிக் கரையை அடித்தபோது, ஒரே வீட்டுக்கு இரண்டு பொறியாளர் அறிக்கை வந்தது. முதலாவது காற்று என்றது. காற்றென்றால் கம்பெனி காசு, வெள்ளமென்றால் அரசாங்கத்துக் காசு. முதல் அறிக்கையின்மேல் 'பில் கட்டாதே, பேசாதே' என்ற பொருளில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டப்பட்டது. இரண்டாவது அறிக்கையில் காற்று தண்ணீராகிவிட்டது. ஸ்டேட் ஃபார்ம் என்ற அந்தக் கம்பெனி அரசாங்கத்தை ஏமாற்றியது என்று ஜூரி சொன்னது. 2016-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமும் கம்பெனியைக் காப்பாற்றவில்லை. அங்கே சீட்டு ஒட்டினார்கள். இங்கே சீட்டுக்கூட வேண்டியதில்லை, நேரிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

கணக்கையும் பாருங்கள். கொத்தனாரும் ஆசாரியும் சொன்ன செலவு 1,80,000 ரூபாய். கூரை பழசு என்று பாதி போனது: 90,000. முறிந்த கைமரம் விறகுக்கு ஆகுமாம், 4,000 கழிவு: 86,000. பிறகு சர்வேயர் நாலு அடி பின்னால் போய் நின்று வீட்டை ஏற இறங்கப் பார்த்தார். கூரையைப் பார்த்தபோது கிழடாயிருந்த வீடு, அந்த நாலு அடியில் குமரியாகிவிட்டது. மதிப்பு பன்னிரண்டு இலட்சம்! பாலிசியோ ஆறு இலட்சத்துக்கு. ஏன் ஆறு? என் வீட்டுக்காக வங்கி எடுத்த பாலிசி அல்ல அது, எனக்குக் கொடுத்த கடனுக்காக எடுத்தது. கடன் ஆறு இலட்சம். பாதி மதிப்புக்குத்தான் பாலிசி என்பதால், சராசரி விதிப்படி இழப்பீடும் பாதிதான்: 43,000.

மீதிப் பாதி? அந்த விதி சொல்வதைக் கேட்டால் தாங்களே திசை மாறிவிடுவீர்கள். குறைவாக எடுத்த தொகைக்கு வீட்டுக்காரரே தனக்குத் தானே காப்பீட்டாளராம். அதாவது நானும் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. அன்றிரவே எனக்கு நானே கிளெய்ம் எழுதினேன். போதிய ஆவணம் இல்லையென்று நானே தள்ளுபடி செய்தேன். தொழில் நன்றாகத்தான் இருக்கிறது.

2021 ஏப்ரல் 1 முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுப் பாலிசி வந்து, வீடுகளுக்கு இந்தச் சராசரிக் கத்தியை உறையில் போட்டுவிட்டார்கள். என் கூரை இரண்டரை ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். படிக்காத கூரை.

அந்த 43,000-ஆவது கைக்கு வந்ததா என்றால், அதுவும் கடன் கணக்கில் வரவானது. பாலிசியில் பயனாளி வங்கி. ஓடு பறந்தது என் தலைமேல். யானைப் பசிக்குச் சோளப்பொரி, அதையும் பாகன் தின்றான்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கீற்றுக் கூரை. கீற்று, வைக்கோல், மூங்கில், தார்ப்பாய் போட்ட கூரையெல்லாம் காப்பீட்டுப் பாஷையில் 'கச்சா'. அவருக்கு எந்தப் பாலிசியும் இல்லை. எந்த சர்வேயரையும் எதிர்பார்க்காமல் தை பிறப்பதற்குள் கீற்று முடைந்து வேய்ந்துவிட்டார். நான் அப்போதும் தார்ப்பாய்க்குக் கீழே படுத்துக்கொண்டு யோசித்தேன்: விதிப்படி பார்த்தால் இப்போது என் வீடும் கச்சாதானே? பக்கா வீட்டுக்கான அடுத்த வருஷ பிரீமியத்தை என் கணக்கில் பிடித்துவிட்ட குறுஞ்செய்தி மட்டும் ஒரு நாள்கூடத் தாமதமில்லாமல் வந்தது.

எனவே தாங்கள் அடுத்த முறை வரும்போது மேற்படி கம்பெனியின் கிளை அலுவலகக் கூரை வழியாக வருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முந்தின போட்டோ நான் எடுத்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தன் மீதிக்குத் தானே காப்பீட்டாளன்.

இணைப்பு: உடைந்த சீமை ஓடு – 1 (அசல்).