நாடி நானா

கொழும்பு–புத்தளம் பாதையில், மதுரங்குளிச் சந்தியில், 2020, 2021 காலத்தில் பஸ்ஸுக்கு நின்ற எவரும் நாடி நானாவைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. அவர் ஒரே ஆள் அல்ல. ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கட்டம் போட்ட சாரம், சட்டைப்பையில் போன், நாடியில் மாஸ்க். மூக்கும் வாயும் காற்றோட்டமாக இருக்கும். நாடிக்கு மட்டும் கொரோனா தொற்றாதபடி பக்குவமாகப் பொத்தி வைத்திருப்பார்.

"மாஸ்க் எங்க நானா?" என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

"ஏன், இந்தா ஈக்கிதானே!"

அவருடைய மாஸ்க்குக்கு மூன்று மாடி. சும்மா நாளில் நாடி. பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ.யின் மோட்டார் சைக்கிள் தெரிந்தால் வாய். பாலாவிப் பக்கமிருந்து பொலிஸ் ஜீப் வருவதாக திரீவீல் தம்பிமார் கண்ணைக் காட்டினால் மூக்கு. ஜீப் முந்தலைப் பார்த்துப் போனதும் மாஸ்க் பழையபடி இறங்கிவிடும். மோட்டார் சைக்கிளின் இன்சூரன்ஸ் கடதாசியைப் போல, கேட்கிறவருக்குக் காட்டத்தான் மாஸ்க் என்பது அவர் கணக்கு. 2020 ஒக்டோபரில் வந்த வர்த்தமானி, மாஸ்க் போடாதவருக்குப் பத்தாயிரம் ரூபா வரை தண்டம், இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்றது. நானா பயந்தது அந்தப் பத்தாயிரத்துக்குத்தான்.

பேசுவதற்கு மாஸ்க்கை இறக்குவார். போனில் பேசவும் இறக்குவார், அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு முகம் தெரிய வேண்டும் என்பதுபோல. தும்மல் வந்தால் அவசரமாக இறக்குவார். மாஸ்க் ஊத்தையாகிவிடும் அல்லவா?

நியாயமும் கைவசம் வைத்திருப்பார். "போன வருஷம் முகத்த மூடினாக் குத்தம் எண்டாங்க. இந்த வருஷம் மூடாட்டிக் குத்தம் எங்கிறாங்க. நாங்க என்னதான் செய்யிற?" என்பார். இதற்குப் பீ.எச்.ஐ.யிடமும் பதில் இல்லை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 2019 ஏப்ரல் கடைசியில் முகம் மூடத் தடை வந்தது உண்மை. அப்போது வாசல்படி தாண்டத் தயங்கியது நானாவின் வீட்டுப் பெண்கள். அந்தக் கஷ்டத்தை நியாயமாக எடுத்துக்கொண்டு சந்திக்கு வந்தவர் நானா.

நானாமார் எல்லா ஊரிலும் உண்டு. 1918 இன் காய்ச்சல் காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் சுருட்டுக் குடிக்க மாஸ்க்கில் ஓட்டை போட்டவர்கள் இருந்தார்கள். மாஸ்க்கைக் கட்டாயமாக்கிய மேயரே குத்துச்சண்டை பார்க்கப் போன இடத்தில் அதைக் கழற்றிவிட்டுத் தண்டம் கட்டினார். அடுத்த வருடம் மாஸ்க் எதிர்ப்புக்கென்றே ஒரு சங்கமும் தொடங்கினார்கள். நம்ம நானா சங்கம் எதுவும் தொடங்கவில்லை. கூட்டம் கூட அனுமதி இல்லாததால் தேத்தண்ணிக் கடையோடு நிறுத்திக்கொண்டார்.

விவரம் தெரியாத மனிசன் என்று நினைத்தால் அவருடைய இறால் பண்ணைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வாசலில் குளோரின் தண்ணீர். காலை நனைக்காமல் யாரும் உள்ளே போக முடியாது. நண்டு ஏறாமல் சுற்றிவர வேலி. காகம் நோய் இறாலைக் கொத்திக்கொண்டு வந்து போடாமல் மேலே கயிறு. ஒரு குளத்தில் போட்ட வலை மற்றக் குளத்தில் இறங்காது. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்து இந்தக் கரையோரப் பண்ணைகளை வாரிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவர் அவர். அதுவும் வைரஸ்தான். பீ.சி.ஆர். என்ற சொல்லை நாடு 2020 இல்தான் கற்றது. நானாவோ அதற்கு எத்தனையோ வருடம் முந்தியே இறால் குஞ்சுக்குப் பீ.சி.ஆர். பார்த்து, நோயில்லை என்று தெரிந்த பிறகுதான் குளத்தில் விடுவார். குஞ்சு இறாலுக்குக் கிடைத்த மரியாதை கடையில் பக்கத்துக் கதிரையில் இருந்த கிழவனாருக்குக் கிடைக்கவில்லை. கிழவனாரைக் கிலோக் கணக்கில் ஏற்றுமதி செய்ய முடியாதே!

ஒரு நாள் கடையில் நானா கொதித்துக்கொண்டிருந்தார். அடுத்த பண்ணைக்காரன், தன் குளத்தில் நோய் விழுந்ததை மறைத்து, இரவோடிரவாகத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டானாம். அவன் வெளியே விடுகிற தண்ணீரைத்தான் மற்றவர்கள் உள்ளே எடுக்க வேண்டும்.

"தனக்கு வந்தாப் பொத்திக்கிட்டு ஈக்கணும்! அடுத்தவன்ட குளத்துக்கு அனுப்பிவிடுறதா? அவனெல்லாம் மனிசனா?"

கடையே ஆமாம் போட்டது. ஆத்திரத்தில் நானாவுக்கு வியர்த்துக் கொட்டியது. நாடியில் கிடந்த மாஸ்க்கைக் கழற்றி விசிறிக்கொண்டார்.