பத்து சென்ட் பூட்டு

1969 ஏப்ரலில், கலிஃபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோவில், சட்டமன்றப் படிக்கட்டில் சங்கிலி சுற்றிய ஒரு கழிப்பறைப் பீங்கானை வைத்துச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார் ஒரு பெண் உறுப்பினர். அவர் பெயர் மார்ச் ஃபாங் யூ. அன்று அமெரிக்கப் பொதுக் கழிப்பறைகள் பலவற்றின் கதவில் காசு போட்டால் திறக்கும் பூட்டு இருந்தது. பத்து சென்ட். ஆண்கள் நின்றபடி சிறுநீர் கழிக்கும் இடத்துக்குக் கட்டணம் இல்லை. பெண்கள் எதற்குப் போனாலும் கதவைத் திறந்தாக வேண்டும், காசு கொடுத்தாக வேண்டும்.

கலிஃபோர்னியாவுக்குக் குடிவந்து பல காலம் கழித்துத்தான் இதைக் கேள்விப்பட்டேன். கேட்டதும் அம்மாவின் நினைவு வந்தது. ஊரில் பஸ் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறை வாசலில் மேசை போட்டு ஒருவர் சில்லறை வாங்குவார். அப்பா சுவரோரம் ஒதுங்கிவிட்டு வந்துவிடுவார். பெண்களுக்குப் பயணம் என்றால் அப்படித்தான் என்று இருந்தோம். சட்டமன்றத்துக்குப் போன ஒருத்தி இதற்காகச் சம்மட்டி தூக்கினாள் என்று அம்மா கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பாள்.

மார்ச் ஃபாங் யூ 1922இல் கலிஃபோர்னியாவின் ஓக்டேல் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் சலவைக்கடை நடத்திய சீன வம்சாவளியினர். அந்த மாநிலத்தின் 1879ஆம் ஆண்டு அரசியல் சட்டம், சீனாவில் பிறந்த எவருக்கும் வாக்குரிமை கிடையாது என்றது. பொதுப்பணிகளில் சீனரை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. இந்த வேலைத் தடை 1952 வரை ஏட்டில் இருந்தது. பள்ளியில் படித்த காலத்தில் ஆசிரியராக ஆசைப்பட்டவரிடம், சீனப் பெண்ணுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று சொல்லித் தடுத்தார்கள். அவர் பெர்க்லியில் பல் சுகாதாரம் படித்து, ஓக்லண்ட் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கும் வேலைக்குப் போனார். ஆசையை மட்டும் விடவில்லை. மில்ஸ் கல்லூரியில் முதுகலை, ஸ்டான்ஃபோர்டில் கல்வியியலில் முனைவர் பட்டம், பிறகு அலமீடா மாவட்டக் கல்விக் குழுவில் உறுப்பினர். வகுப்பறைக்குள் விடமாட்டார்கள் என்று எச்சரிக்கப்பட்டவர், பள்ளிகளின் நிர்வாகத்தில் பேசும் இடத்துக்கு வந்தார்.

1966இல் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். கட்டணக் கழிப்பறைத் தடைச் சட்டம் 1974இல் நிறைவேறியது. ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். அதே ஆண்டு, தேர்தல்களை மேற்பார்வையிடும் மாநிலச் செயலர் பதவிக்கு மக்கள் மார்ச் ஃபாங் யூவைத் தேர்ந்தெடுத்தார்கள். சீனாவில் பிறந்தவர்க்கு வாக்கில்லை என்று எழுதிவைத்த மாநிலத்தில், தேர்தல்களின் மேற்பார்வை ஒரு சீனச் சலவைத் தொழிலாளி மகளின் பொறுப்புக்கு வந்தது. 1994 வரை, தொடர்ந்து ஐந்து முறை வென்று அந்தப் பதவியில் இருந்தார்.

தபாலிலேயே வாக்காளராகப் பதிவு செய்யும் முறை அவர் காலத்தில் வந்தது. குடியுரிமை பெற்றதும் நான் நிரப்பியது அந்த அட்டைதான். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சமையலறை மேசையிலேயே எழுதினேன். பெயர், முகவரி, கையெழுத்து. தபால் தலைகூட ஒட்ட வேண்டியதில்லை. பிறந்த இடம் என்ற கட்டத்தில் இந்தியா என்று எழுதினேன். அதைக் காரணம் காட்டி யாரும் அட்டையைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தக் கட்டம் ஒரு காலத்தில் ஆளையே வெளியே நிறுத்தப் பயன்பட்டது என்பதைப் பிறகு படித்தபோது மனம் கனத்தது.

சீனத் தொழிலாளர் வருவதற்கு 1882இல் போட்ட தடையை அமெரிக்கா 1943இல்தான் நீக்கியது. கலிஃபோர்னியா இருக்கும் மேற்குக் கரை பிறகு ஆசிய வாணிகத்தால் செழித்தது. 1980களில் அமெரிக்காவின் பசிபிக் வாணிகம் அட்லாண்டிக் வாணிகத்தை முந்தியது. மார்ச் ஃபாங் யூ வேலை பார்த்த ஓக்லண்டில் கன்டெய்னர்கள் மலைபோல் குவிந்தன. 1994இல் கிளின்டன் அரசு அவரை மைக்ரோனீசியாவுக்குத் தூதராக அனுப்பியது. சூரை மீன் பிடிக்க வரும் அயல்நாட்டுக் கப்பல்களிடம் பெறும் உரிமக் கட்டணம் ஒரு முக்கிய வருமானமாக இருந்த தீவு நாடு அது. ஆசியர்களைச் சந்தேகித்த நாடு, பசிபிக்கில் தன் சார்பாகப் பேச ஓர் ஆசியப் பெண்ணை நம்பியது.

2017இல், 95 வயதில், அவர் காலமானார். சாக்ரமெண்டோவில் மாநிலச் செயலர் அலுவலகக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அவருடைய கழிப்பறைச் சட்டம் காசு வாங்குவதைத்தான் நிறுத்தியது. புதிதாகக் கழிப்பறை கட்டும் கடமையை எந்த நகரத்தின் மேலும் சுமத்தவில்லை. காபிக் கடையில் ஏதாவது வாங்கினால்தான் சாவி கிடைக்கும் தெருக்கள் இங்கே ஏராளம். தெருவில் வியாபாரம் செய்யும் பெண்களும் டெலிவரி வேலை பார்க்கும் பெண்களும் அந்தக் காபியின் விலையைத்தான் இப்போது கட்டணமாகக் கொடுக்கிறார்கள். எங்கள் நகர்மன்றக் கூட்டத்தில் நான் எழுந்து, பூங்காக் கழிப்பறைகளை இரவிலும் திறந்துவைக்கப் பணம் ஒதுக்குங்கள் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த பட்ஜெட்டிலும் கேட்பேன்.