புகைக்கு ஒரு முன்விளக்கம்

நீர்வேலி

வாகனப் புகைப் பரிசோதனைக்குப் பொறுப்பான பெரிய உத்தியோகத்தர் அவர்களுக்கு,

பொருள்: நான்கு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் ஒன்று விடவிருக்கும் புகை தொடர்பானது

ஐயா அல்லது அம்மா,

வாகன வரிப்பத்திரம் புதுப்பிப்பதென்றால் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் வேண்டும். சட்டத்துக்குப் பயந்த குடும்பம் என்றபடியால் வாற கிழமை எங்கள் காரைத் தங்கள் சமூகத்துக்குக் கொண்டுவருகிறேன். தங்கள் பையன் சைலன்சர் குழாய்க்குள் கம்பியை விட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் ஒருதரமும் 2500 சுற்றில் ஒருதரமும் வைத்து, காபன் மொனொக்சைட்டு எவ்வளவு, எரியாத ஐதரோகாபன் எவ்வளவு என்று பார்ப்பார். கணினி என்ன சொல்லும் என்பதை இங்கிருந்தே ஊகிக்கலாம். அதற்குச் சொல்லத் தெரியாத சங்கதிகள் சில உண்டு. அவற்றைப் படிவத்தோடு இணைத்துக்கொள்ளும்படி தயவாகக் கேட்கிறேன்.

ஆளை முதலில் அறிமுகம் செய்கிறேன். ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிஜ், இரண்டாவது மாதிரி, 1959. பின்னுக்கு நிற்கும் இரண்டு செட்டைகளும் இத்தாலிப் பினின்ஃபரீனாவின் கைவேலை. உள்ளே கிடப்பது பிரிட்டிஷ் மோட்டார் கூட்டுத்தாபனத்தின் பி வரிசை எஞ்சின். 1489 சீசீ. சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீற்றர், பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம் 88.9. கட்டையும் வார்ப்பிரும்பு, தலையும் வார்ப்பிரும்பு, கிராங்கைத் தாங்க மூன்றே மூன்று மெயின் பெயரிங். லோங்பிரிட்ஜில் இருந்து வெளிக்கிடும்போது ஐம்பது சொச்சம் குதிரை வலு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அவற்றில் எத்தனை குதிரை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று நான் விசாரிப்பதில்லை. வயது போனவர்களிடம் கேட்கக்கூடாத கேள்விகளில் அதுவும் ஒன்று.

இதே எஞ்சினைத்தான் எம்ஜிஏ என்ற இரண்டு இருக்கை ஓட்டக் காரிலும் வைத்தார்கள். இந்தியாவில் அம்பாசிடருக்குள் வைத்து மந்திரிமாரை ஏற்றினார்கள். எங்களுடையதுக்கு வாய்த்தது, நீர்வேலிக் கதலிக்குலையைத் திருநெல்வேலிச் சந்தையில் இறக்கும் உத்தியோகம். இடைக்கிடை ஹயர், மாசி வைகாசியில் மாப்பிள்ளை.

இலக்கத்தகட்டில் இருக்கும் சிங்கள 'ஸ்ரீ'யையும் தங்கள் பையன் பார்ப்பார். 1957இல் அந்த எழுத்து வந்தபோது வடக்கில் அதற்குத் தார் பூசினார்கள். தகட்டில் நடந்த அரசியல் எஞ்சினுக்குள் இறங்கவில்லை. அது பிறகு வேறு வழியால் இறங்கியது.

நோய்நொடிகளை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கிராங்கின் பின்முனையில் இந்த எஞ்சினுக்கு இறப்பர் சீல் கிடையாது. வெளியே வரப் பார்க்கும் ஒயிலைத் திருப்பி உள்ளே தள்ளுவதற்குத் தண்டில் ஒரு புரி வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தண்டு சுற்றும் மட்டும் புரி தள்ளும். நின்றால் ஒயில் சொட்டும். ஆகவே தங்கள் வெள்ளைச் சீமெந்துத் தரையின் நன்மை கருதித் தகரத் தட்டு ஒன்றைக் கையோடு கொண்டுவருவேன். வால்வு ரப்பெற் இடைவெளி கூடினால் தையல் மெசின் மாதிரிக் கேட்கும். இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே கஸ்கெற் எரிந்தால் இரண்டும் சேர்ந்து இருமும். பொயின்ற் கருகும், தண்ணிப் பம்ப் அழும். ஒன்றும் புதிதல்ல, எல்லாவற்றுக்கும் கைமருந்து உண்டு. எங்கள் மெக்கானிக் சொல்லுவார்: "உது சத்தம் போட்டா யோசிக்காதேங்கோ மாஸ்ரர். சத்தம் போடாட்டித்தான் யோசிக்கோணும்."

இனி எரிபொருள் வகை. 'பெற்றோல்' என்று எழுதிக் கையெழுத்து வைக்கப் போகிறேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் என்னென்ன போகக்கூடாது என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. பெற்றோல், பற்றறி, சீமெந்து, வாகன உதிரிப்பாகம் எல்லாம் அதில் அடக்கம். விளக்குக்கும் அடுப்புக்கும் என்று மண்ணெண்ணெய் மட்டும் அளந்து வந்தது. பெற்றோல் எஞ்சினுக்குப் பெற்றோல் கொடாதே என்று யாரோ கொழும்பில் இருந்து கையெழுத்து வைத்தார். அந்தக் கையெழுத்து இந்த எஞ்சினின் நான்கு சிலிண்டர் சுவர்களிலும், அவற்றைக் கடையும் மட்டும், இருந்தது. விரலால் தடவினால் தெரிந்தது.

பெற்றோல் இல்லாமல் பெற்றோல் எஞ்சின் ஓடுமா என்று லண்டனில் கேட்டால் சிரிப்பார்கள். நீர்வேலியில் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் தோட்டக்கிணற்றடியில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. துலாவுக்குப் பிறகு வந்த இறைப்பு மிசின்களைப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் வாழைக்குத் தண்ணீர் கட்டினோம். ஆங்கிலேயனும் தன் பெர்குசன் ரக்டர்களில் ஒரு சாதியை அப்படித்தான் ஓட்டினான். மிசினின் வித்தை காருக்குள் ஏறியது, வேறொன்றுமில்லை. பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தல், அதற்குள் மருந்தளவு பெற்றோல், அதிலிருந்து காபரேற்றருக்கு மெல்லிய குழாய். எஞ்சின் பற்றிச் சூடாகும் மட்டும் அது. பிறகு தாங்கியில் இருக்கும் மண்ணெண்ணெய்.

இங்கே லோங்பிரிட்ஜ் பொறியியலாளர்களுக்கு ஒரு நன்றி சொல்லவேண்டும். உள்ளே இழுக்கும் குழாயையும் வெளியே தள்ளும் குழாயையும் அவர்கள் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டி வைத்தார்கள். புகைக்குழாயின் சூடு மற்றதிலும் ஏறும். குளிர்நாட்டுக் காலைகளுக்கென்று செய்த அந்த ஏற்பாடுதான், லேசில் ஆவியாகாத மண்ணெண்ணெயை இங்கே ஆவியாக்கியது. அமுக்க விகிதமும் இந்தக் காலத்துக் கார்களை விடக் குறைவு. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின் ஒன்றுக்கு அதே மண்ணெண்ணெயைக் கொடுத்துப் பாருங்கள். கணினிப் பெட்டி கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விடும்.

சும்மா கிடைத்ததா? இல்லை. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் கிடையாது என்றே சொல்லலாம். ஏற்றத்தில் பிஸ்ரன் தலையில் சுத்தியலால் அடிப்பது போலத் தட்டும். எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரில் உள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, ரிங்குகளைத் தாண்டிச் சம்புக்குள் இறங்கும். அந்தக் காலத்தில் டிப் ஸ்ரிக்கை இழுத்தால் ஒயில் மட்டம் நாளுக்கு நாள் ஏறியிருக்கும். ஒயில் விற்கக் கடையில்லாத ஊரில், ஒருவரும் ஊற்றாமலே ஒயில் கூடியது. அற்புதம் என்று கற்பூரம் கொளுத்தவில்லை. மூக்கில் வைத்தால் குப்பிவிளக்கு மணம் வரும். அந்தத் தண்ணி ஒயிலில்தான் மூன்று மெயின் பெயரிங்கும் வருஷக்கணக்காய்ச் சுற்றின. பின்னால் வந்த புகையை அளக்க அப்போது அரசாங்கம் ஒருவரையும் அனுப்பவில்லை. அனுப்பிய வேறு சாமான்கள் மேலால் வந்தன.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் மழைக்குள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்ததே, அன்றைக்கு இந்தச் சாதிக் கார்களும் சனத்தோடு சனமாய் அங்குலம் அங்குலமாய் நாவற்குழிப் பக்கம் ஊர்ந்தன. கிழவிகளும் நெல்மூட்டைகளும் உள்ளே. அன்றைக்கு முன்னால் போகும் காரில் புகை தெரிந்தால் பின்னால் நின்றவர்களுக்கு நிம்மதி. புகை வராத காரைத் தள்ளவேண்டும்.

2002 ஏப்ரலில் தெற்கில் இருந்து வரும் ஏ9 பாதை திறந்தது. பெற்றோல் வந்தது. அதே ஆண்டு ஜூனில் ஈயம் கலந்த பெற்றோலை நாடு கைவிட்டது. நல்ல காரியம், பிள்ளைகளின் மூளைக்கு நல்லது, குறை சொல்லேன். ஆனால் இந்த எஞ்சினின் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். பன்னிரண்டு வருஷப் பத்தியம் முடிந்து சோறு வந்த அன்றைக்குக் கறியை எடுத்துவிட்டார்கள். வேகமாக நெடுந்தூரம் ஓடினால்தான் வால்வு இருக்கை விறுவிறென்று தேயும் என்பார்கள். அந்த வேகத்துக்கு இடம்கொடாத எங்கள் பருத்தித்துறை வீதியின் அன்றைய குழிகளுக்கு வால்வுகள் சார்பில் நன்றி.

2006இல் பாதை திரும்பப் பூட்டுப்பட்டது. அது பூட்டிக் கிடக்கும்போதே, 2008இல், நாடு புகையை அளக்கத் தொடங்கியது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வர, கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூஆர் அட்டை தந்தீர்கள். பழைய பழக்கத்தில் மண்ணெண்ணெயை எட்டிப் பார்த்தோம். ஓகஸ்டில் அதை 87 ரூபாவில் இருந்து 340 ஆக்கி அந்தக் கதவையும் சாத்தினீர்கள். புதுக்கார் வாங்கலாமே என்பீர்கள். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில் திறந்து, திறந்த கதவில் வரியைக் காவல் வைத்தது அரசாங்கம். 1959 மாதிரிக்கு அந்தக் கவலை இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. படிவத்தில் 'எரிபொருள் வகை'க்குக் கீழே 'எரிபொருள் வரலாறு' என்று ஒரு நிரல் சேர்க்கவேண்டும். அதில் 1990 தொடக்கம் உள்ள பகுதியை நான் நிரப்ப இயலாது. பட்டியல் போட்ட திணைக்களம் எதுவோ அதுதான் நிரப்பி, முத்திரை குத்தித் தரவேண்டும். தலையைக் கழற்றிக் காபனைச் சுரண்டியாயிற்று, சிலிண்டரையும் கடைந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு பெரிய பிஸ்ரன் போட்டாயிற்று, இனிக் கடைய இரும்பில்லை. இதற்கு மேலும் நீல நிறத்தில் வருவது எந்த ஆண்டுப் புகை என்று தங்கள் கருவி பிரித்துக் காட்டுமானால், பெற்றோல் காலத்துப் புகைக்குரிய குற்றப்பணத்தை நான் அன்றைக்கே கட்டுகிறேன். மிச்சத்துக்கான பில்லைக் கொழும்புக்கு அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. பரிசோதனை முடிந்து தங்கள் பையன் சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் உடனே நிற்காது. பிளக்கில் பொறி இல்லாவிட்டாலும் உள்ளே திரும்பப் படிந்து பழுத்துக் கிடக்கும் காபன் தானே பற்றவைத்துக்கொள்ளும். பேய் என்று யாரும் ஓடவேண்டாம், சாவியைத் திரும்பத் திரும்ப முறுக்கவும் வேண்டாம். ஸ்ரேரிங்கோடு நிற்கும் கியர்த்தடியை நாலில் போட்டு, பிறேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு, கிளச்சை மெல்ல விடச் சொல்லுங்கள். ஒரு உலுக்கு உலுக்கி நிற்கும். முன்னால் மட்டும் யாரும் நிற்கவேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கேம்பிரிஜ்காரன்