உமரிக்கு முத்திரை குத்துவது யார்?

பழவேற்காட்டு ஏரிக்கரைச் சேற்றில் உமரிக் கீரை தானாக முளைக்கிறது. உரம் போட ஆளில்லை, மருந்தடிக்க ஆளில்லை. வேகவைத்து, தண்ணீரை இறுத்துவிட்டுத் தாளித்தால் பொரியல். உப்புச் செலவு மிச்சம். அதைச் செடியே கொண்டுவந்துவிடும். பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் உமரியிலிருந்து தாவர உப்பே எடுத்திருக்கிறது. ஐரோப்பாவில் இதன் பங்காளிச் செடி மீன் தட்டின் ஓரத்தில் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் சென்னை இயற்கை அங்காடிக்குக் காரில் வருபவர் முதலில் தேடுவது சான்றிதழ் முத்திரையை; கீரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தப்பில்லை, 2017-இல் வந்த விதிப்படி ‘இயற்கை விளைபொருள்’ என்று கடையில் விற்கச் சான்றிதழ் வேண்டும். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு மட்டும் விலக்கு. ஏரியில் இறால் தடவிவிட்டு, வரும் வழியில் உமரி கிள்ளும் அக்கா அந்த வரம்பைத் தாண்டிவிடுவாரோ என்று கரையில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சான்றிதழே வாங்குவதென்றாலும் சிக்கல்தான். ரசாயனம் கலக்கவில்லை என்று உறுதிமொழி தர வேண்டியது அக்கா அல்ல, ஏரி. தெற்கே எண்ணூர் அனல்மின் சாம்பலைப் பற்றி அதிகாரி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், ஏரி கையெழுத்துப் போடுமா என்பது சந்தேகமே.