ஒரு ராத்திரி பாக்கி

திருப்பூரில் ஓட்டல் பில்லை ஒரு வரி விடாமல் படிக்கும் மனிதர் ஒருவர் உண்டு. அவர் அந்த ஓட்டலில் ஒரு நாளும் தங்கியிருக்க மாட்டார். அவினாசி ரோட்டில் எந்த ஓட்டல் ரிசப்ஷனிலும் காலை ஒன்பதரை வாக்கில் அவரைப் பார்க்கலாம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோளில் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட நூல் துணுக்கு, கையில் இரண்டு போன். பனியன் கம்பெனி முதலாளி. பெயர் எதற்கு? முதலாளி என்றே வைத்துக்கொள்வோம்.

1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்பவர் வெள்ளை டி-ஷர்ட் தேடி இந்த ஊருக்கு வந்தார். 1981-இல் ஐரோப்பாவிலிருந்து சி அண்ட் ஏ கம்பெனி வந்தது. அன்று பிடித்து திருப்பூர்க்காரருக்கு இரண்டு தொழில்: ஒன்று பனியன் தைப்பது, இன்னொன்று பையரைக் கவனிப்பது. முதல் தொழிலில் லாபம் வரும், போகும். இரண்டாவதில் செலவு மட்டும் தவறாமல் வரும்.

முதலாளி ரூம் போடுவதும் துணி போடுவது மாதிரிதான். 100 கிலோ துணி தேவையென்றால் 100 கிலோ போட மாட்டார். டையிங்கில் கொஞ்சம் போகும், கட்டிங்கில் கொஞ்சம் போகும், அதனால் லாஸ் சேர்த்துப் போடுவார். பையர் மூன்று ராத்திரி என்று மெயில் அனுப்பினால் இவர் நான்கு ராத்திரிக்கு ரூம் போடுவார். திருமுருகன்பூண்டியில் நிட் ஃபேர் நடக்கிற சமயம் வேறு. பையர் ஒரு நாள் கூட இருக்கிறேன் என்றால் ரூமுக்கு எங்கே போவது? தவிர, நான்கு ராத்திரிக்குப் போட்டால் ரேட்டும் கொஞ்சம் இறங்குகிறது.

பையரோ சொன்னது சொன்னபடி மூன்று ராத்திரி தங்கி, நாலாம் நாள் காலையில் பீளமேடு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். அடுத்து டாக்கா போகிறாராம். டாக்கா என்ற பெயரைக் கேட்டதிலேயே முதலாளிக்குப் பாதி வயிறு எரிந்தது. மீதி எரிவதற்கு பில் வந்து சேர்ந்தது.

"இதென்ன அம்மிணி, ஏர்லி டிபார்ச்சர்?"

"நாலு நைட்டுக்கு புக்கிங் சார். முன்னாடியே காலி பண்ணுனா ஒரு நைட் சார்ஜ் வருமுங். புக்கிங் மெயில்லயே போட்டிருக்கோம்."

"ஏர்லின்னா சீக்கிரம்தானுங்களே? சீக்கிரமாப் போனதுக்கு அபராதமா? எங்க தொழில்ல லேட்டாப் போனாத்தான் அபராதம்!"

நியாயமான சந்தேகம். ஷிப்மென்ட் இரண்டு நாள் முன்னால் போய் யாரும் கெட்டதில்லை. இரண்டு நாள் பிந்திப் போய், தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கைச் சொந்தக் காசில் விமானத்தில் ஏற்றிவிட்டு, 'தேங்க்ஸ் ஃபார் யுவர் கைண்ட் அண்டர்ஸ்டாண்டிங்' என்று மெயிலும் அனுப்பியவர் இவர். ஷேடு அரை டோன் மாறியது என்று பையர் கழித்த டிஸ்கவுண்ட்டை, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் விழுங்கியவர். சாயப்பட்டறையில் 50 கிலோ மெஷினுக்கு 20 கிலோ துணி கொடுத்துவிட்டு, மினிமம் சார்ஜ் என்று முழுப் பணத்தையும் கட்டுகிறவர். அவ்வளவு ஏன், 300 பீஸ் போதுமென்று வந்த பெங்களூர் பையனிடம், "மினிமம் ஆயிரம் பீஸுங் தம்பி, கம்மின்னா சர்சார்ஜ் வரும்" என்று சிரித்த முகமாகச் சொல்லி அனுப்பியது அன்று காலை எட்டரைக்குத்தான். அதெல்லாம் தொழிலாம். இது அநியாயமாம்.

"பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜுல பாருங். 24 மணி நேரக் கணக்கு. ராத்திரி பத்துக்கு ஏறுனா மறுநாள் பத்துக்கு எறங்கறோம். மூணு நாள் இருந்தா மூணு நாள் காசு. அட்வான்ஸுல மிச்சத்தை எண்ணிக் கையில குடுத்துருவான்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மேனேஜரைக் கூப்பிட்டாள். எல்லாப் பெரிய ஓட்டலிலும் இப்படித்தான் என்றார் மேனேஜர். பொய்யில்லை. அமெரிக்காவின் பெரிய ஓட்டல்கள் 1990-களிலேயே இந்தக் கட்டணத்தைக் கொண்டுவந்துவிட்டன. அவர்கள் பக்கமும் கணக்கு இருக்கிறது. விற்காத டி-ஷர்ட்டைக் காதர்பேட்டையில் கிலோ கணக்கிலாவது தள்ளிவிடலாம். விற்காத ராத்திரியை எந்தப் பேட்டையில் தள்ளுவது? ஆனால் இதை முதலாளியிடம் சொல்லும் தைரியம் மேனேஜருக்கு இல்லை. எனக்கும் இல்லை.

அடுத்த வரியில் முதலாளியின் விரல் நின்றது. ஒரு நைட் சார்ஜ் 5,500. அதன்மேல் ஜி.எஸ்.டி. 275.

"தங்காத ரூமுக்கு ஜி.எஸ்.டி.யா?"

உடனே ஆடிட்டருக்குப் போன். ஸ்பீக்கரில்தான். ஊரே கேட்கட்டும். ஆடிட்டர் பொறுமையாகச் சொன்னார்: கேன்சல் கட்டணத்துக்கும் ரூமுக்குள்ள அதே வரிதான் என்று 2022 ஆகஸ்ட்டிலேயே சர்க்குலர் வந்தாயிற்று. 7,500 ரூபாய் வரைக்குமான ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஆனால் ஓட்டலுக்கு இன்புட் கிரெடிட் கிடையாது. வேண்டுமானால் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74 இருக்கிறது. அபராதத் தொகை எழுதியே வைத்திருந்தாலும், அதற்கு மேற்படாமல் நியாயமான ஈடுதான் வாங்கலாம் என்று கேஸ் போட்டுப் பார்க்கலாம்.

"வக்கீல் பீஸ் எவ்வளவு ஆகுமுங்?"

ஆடிட்டர் சொன்ன தொகையைக் கேட்டதும் ஸ்பீக்கர் அணைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் திருப்பூர். முதலாளி காசை எண்ணி வைத்தார். ஆனால் அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "காசு உங்களுது. அப்ப ரூம் யாருது?"

மேனேஜருக்கு உடனே பதில் வரவில்லை. அது ரூம் வாடகை இல்லை, கட்டணம் என்று இழுத்தார். கட்டணம் என்றால் ஜி.எஸ்.டி. பில்லில் ரூமுக்குள்ள ரேட் ஏன் வந்தது என்று முதலாளி கேட்டார். ஆடிட்டர் சொன்னதை அதற்குள் ஆயுதமாக்கிவிட்டார். பின்னால் செக்-இன் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மேனேஜர் 304-ஆம் ரூம் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"வீடு மூணு கிலோமீட்டர்ல இருக்குதுங். ஊருக்குள்ள பாத்தா என்னன்னு நெனைப்பாங்க?" என்றார் வீட்டம்மா.

"5,775 ரூபா கட்டியிருக்கேன். ஏசிய ஓட்டியாச்சும் கழிக்கணும்."

ராத்திரி எட்டு மணிக்கு லுங்கி, துண்டு, தூக்குப்போசியில் தயிர் சோறு சகிதம் முதலாளி செக்-இன் ஆனார். ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டார். குளியலறையிலிருந்த சோப்பு, ஷாம்பு, சீப்பு, ஷவர் தொப்பி எல்லாவற்றையும் எண்ணிப் பைக்குள் போட்டார். டிவியில் மூன்று பாஷைகளில் செய்தி பார்த்தார்.

பத்தே முக்காலுக்கு கம்பெனிப் பையன் லேப் டிப், அதாவது சாயம் போட்ட சாம்பிள் துணித் துண்டு, கொண்டுவந்து கொடுத்தான். நேவி ப்ளூ. காலை ஆறு மணிக்குள் ஓகே சொன்னால்தான் டையிங்கில் மெஷின் கிடைக்கும். ஓட்டல் ரூமின் மஞ்சள் விளக்கில் அந்த நேவி ப்ளூ கறுப்பாகத் தெரிந்தது. கட்டில் ஓரத்து விளக்கில் பிடித்தார், பச்சை ஓடியது. குளியலறைக் கண்ணாடி விளக்கில் ஊதா. கடைசியில் மினி ஃபிரிட்ஜைத் திறந்து, தரையில் உட்கார்ந்து, வாட்டர் பாட்டிலை நகர்த்திவிட்டு, உள்ளேயிருக்கும் வெள்ளை வெளிச்சத்தில் பையரின் ஸ்வாட்சையும் லேப் டிப்பையும் சேர்த்துப் பிடித்துக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஒத்து வருகிற மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. கம்பெனியில் இருக்கும் லைட் பாக்ஸை விட்டால் வழியில்லை.

பதினொன்று இருபதுக்கு லுங்கியைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினார். நைட் டூட்டிப் பையன் எழுந்து நின்றான்.

"ஏனுங் சார், காலி பண்றீங்களா? காலைல பிரேக்ஃபாஸ்ட் இருக்குதுங்களே, ரெண்டு பேருக்கு."

வாசல் வரை போன முதலாளி திரும்பி வந்தார். "பார்சல் உண்டுங்களா?"

"பஃபே சார். பார்சல் கெடையாதுங்."

முதலாளி சாவியைக் கொடுக்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஏழரைக்கு, நைட் ஷிப்ட் முடித்த கட்டிங் மாஸ்டரும் அயர்ன் மாஸ்டரும் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, 304 என்று சொல்லி பஃபே வரிசையில் நின்றார்கள். ஆம்லெட் போடுகிறவர், வெங்காயம் போடலாமா, மிளகாய் போடலாமா என்று கேட்டார்.

"எல்லாத்தையும் போடுங்" என்றார் கட்டிங் மாஸ்டர். "எதையும் மிச்சம் வெச்சுட்டு வரக் கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்காரு."